சிலியில் ஏறுமுகம்

நம்மிடையே ஒரு வகைப் பிராணி உலவுகிறது. உலக நிலவரக்காரர் என்று பெயர். பக்கத்துத் தெருவில் குழாய் உடைந்தது தெரியாது. பசிபிக் கடலடியில் எந்த நத்தை எந்தப் பக்கம் நகர்கிறது என்பது தெரியும்.

மல்லசமுத்திரம் கைலாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பார்த்த பெரிய தண்ணீர் மேட்டூர் அணை. ஆனால் எந்த நாட்டுக் கடலில் எவ்வளவு நத்தை, எவ்வளவு சிப்பி பிடிபடுகிறது என்று சொல்லும் தடித்த புத்தகம் ஒன்று எப்படியோ அவர் கையில் சிக்கிவிட்டது. இப்போது நடப்பது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது; புத்தகம் எந்த வருஷத்தது என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வலது கை மேலே போனால் சிலி ஏறுமுகம், இடது கை கீழே வந்தால் ஜப்பான் இறங்குமுகம், இரண்டும் விரிந்தால் பிரான்சு இழுபறி என்று அவர் அறிவிக்கும்போது டீ ஆறும், கடைக்காரர் முகம் சுருங்கும், ஆனால் ஒருவரும் எழ மாட்டார்கள். புள்ளிவிவரத்துக்கு எதிராக வாய் திறக்க யாருக்குத் துணிச்சல்?

சௌந்திரத்துக்கு இல்லை. ஐந்நூறு கோழி வளர்க்கும் அவளுக்கு அந்த வாரம் ஒரே கவலை: முட்டை ஓடு நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. தீவனத்தில் கிளிஞ்சல் தூள் கலந்தால் கெட்டிப்படும். கடலூர்ப் பக்கமிருந்து கிளிஞ்சல் வியாபாரி மாரி லாரியில் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து நிறுத்தியும்விட்டான். சௌந்திரம் கை நீட்டினாள். குறுக்கே கைலாசத்தின் கை நீண்டது.

"பொறு அம்மிணி! சிலியில நத்தை வரத்து மூணு வருசமா ஏறுது. அத்தனை ஓட்டையும் அவன் எங்க கொட்டுவான்? அடுத்த மாசம் கிளிஞ்சல் சீந்த ஆளில்லாமக் கெடக்கும், பாரு."

"சிலின்னா எங்கீங்க?"

"தூரம்."

"கோழிக்கு அதெல்லாம் தெரியாதுங்களே!" என்றான் மாரி. யார் கேட்டார்கள்? லாரி திருச்செங்கோட்டுக்குப் போய்விட்டது.

பத்தே நாள். முட்டை பொறுக்கினால் விரல் உள்ளே போயிற்று. அட்டையில் அடுக்கினால் அடியில் ஒழுகிற்று. ஏற்றிப்போக வந்த வேன்காரர் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதைக் கேரளாவுக்கு அனுப்பறதுக்கு இங்கயே ஆம்லெட்டாப் போட்டுருங்க," என்று வெறும் வண்டியோடு திரும்பினார்.

சௌந்திரம் நேரே கைலாசம் வீட்டுக்கு நடந்தாள். அவர் இல்லை; டீக்கடையில் கொரியாவை ஏற்றிக்கொண்டிருந்தார். கொல்லையில் அவர் மனைவி பொன்னாத்தாள் தன் முப்பது கோழிகளுக்கு எதையோ தூவிக்கொண்டிருந்தாள். வெள்ளை வெளேரென்று கிளிஞ்சல். பக்கத்தில் மாரியின் மூட்டை, பழைய சேலை ஒன்றைப் போர்த்திக்கொண்டு.

"ஏனுங்கக்கா, வாங்க வேண்டாம்னு உங்க ஊட்டுக்காரரு சொல்லலீங்களா?"

"சொன்னாரு சாமி, தெனமுந்தான் சொல்றாரு. அதைக் கேட்டுட்டிருந்தா நம்ம கோழி முட்டை போட்டாப்பலதான்! பாதிய நீ எடுத்துக்க. சந்து வழியாப் போ, அவரு கண்ணுல பட்டுறாத."

சிரித்துவிட்டீர்களா? நல்லது. நேற்று பஸ் ஸ்டாண்டில் பிரேசில் காப்பி விளைச்சலைப் பற்றிக் கால் மணி நேரம் பேசியது யார்? நீங்களில்லை என்றே வைத்துக்கொள்வோம். எதற்கும் இன்று சாயங்காலம் உங்கள் வீட்டுக் கொல்லைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பழைய சேலை போர்த்திய மூட்டை ஏதாவது இருக்கிறதா?