மாதப்பனின் சின்ன வீடு

"மாதப்பன் அண்ணா, நம்ம சின்ன வீடு ரொம்ப முத்தாகிதே. அடுத்த ஞாயித்துக்கெழமெ பாக்க வர்றேன். ஜன்னல் நான் கொண்டார்றேன்."

பெண் குரல். வந்தது காவேரியின் கையிலிருந்த புருசனின் செல்போனிலிருந்து, வாய்ஸ் மெசேஜாக. காவேரி நின்றது ஓசூர் மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டுக் குழாயடியில். அவளைச் சுற்றி அந்த லைனின் அத்தனை குடங்களும், குடங்களுக்குப் பின்னால் அத்தனை காதுகளும் வரிசையில் நின்றன.

வாய் நிறையப் பற்பசையோடு வந்த அவள் புருசன் மாதப்பன், நுரையை அப்படியே விழுங்கிவிட்டான்.

முத்தாகிதே என்றால் கன்னடத்தில் அழகாக இருக்கிறது என்று பொருள். ஓசூரில் கொஞ்ச நாள் குப்பை கொட்டியவனுக்கு அது தெரியும். பக்கத்து வீட்டு வெள்ளைச்சாமி விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை.

"முத்தம்னு என்னமோ காதுல விழுந்துச்சே அக்கா," என்றான்.

குழாய்த் தண்ணீர் குடம் நிரம்பி வழிந்தது. மூடத்தான் ஆள் இல்லை.

"யாருங்க இவ?" என்றாள் காவேரி.

ஒரு வார்த்தையில் தீர்ந்துபோகிற விசயம். அந்த ஒரு வார்த்தைதான் மாதப்பனின் தொண்டையைத் தாண்டவில்லை. பொம்மை.

மகள் யுவஸ்ரீக்குச் சின்ன வயதில் வாங்கிக்கொடுத்த பிளாஸ்டிக் கற்கள் அவை. ஒன்றின் தலையில் ஒன்றை வைத்து அழுத்தினால் டக்கென்று உட்காரும். மகள் வளர்ந்து காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, மூட்டை கட்டிப் பரணில் போடப் போனவன், சும்மா இரண்டு கல்லை அழுத்திப் பார்த்தான். டக். கம்பெனி பிரஸ் ஷாப்பில் வாழ்நாள் முழுக்கத் தகடு அடித்தவன் அவன். அடித்த தகடு எந்த வண்டியில் எந்த மூலையில் உட்காரும் என்று ஒருநாளும் கண்டதில்லை. இங்கே அவன் கண் முன்னாலேயே ஒரு சுவர் எழுந்தது. கதவு வந்தது. பிறகு விட முடியவில்லை.

பெங்களூரில் இதற்கென்றே பெரியவர்கள் கூடுகிற ஒரு குழு இருந்தது. அதில் ஒருத்திதான் இந்தக் குரலுக்குச் சொந்தக்காரி சௌமியா. அவளுக்கு இது வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற பொழுதுபோக்கு. மாதப்பனுக்கு அப்படியா? கம்பெனி லைனில் நிற்கும் பையன்கள் செல்போனை நோண்டினால், "வெளையாடற வயசாடா இது?" என்று பிடுங்கி வைப்பவன் அவன். நரைத்த மீசையை வைத்துக்கொண்டு, சூளகிரியில் ஒரு அறை பிடித்து, கதவைச் சாத்திக்கொண்டு சொப்பு வைத்து விளையாடுகிறான் என்று தெரிந்தால் எந்த முகத்தோடு கம்பெனி கேட் தாண்டுவது?

"ராங் நம்பரு," என்றான்.

"ராங் நம்பருக்கு உங்க பேரு எப்புடித் தெரியும்?"

"ஓசூர்ல மாதப்பனுக்கா பஞ்சம்?"

"அண்ணான்னு வேற கூப்புடறா. ஊரு கண்ணுல மண்ணத் தூவ."

மாதப்பனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. பழக்கமில்லாதவன் சொல்கிற பொய் பெரிதாகத்தான் வரும். "அது ராமப்பன் வூடு. சூளகிரில சின்னதா கட்றான். நான் போய் நின்னு பாத்துக்கறேன். அந்தம்மா ஜன்னல் யாவாரம்."

காவேரி ராமப்பனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில்.

ராமப்பன் மாதப்பனோடு வேலை செய்கிறவன். அந்த அறையைப் பார்த்த ஒரே ஆள். பொம்மை என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்கமாட்டேன் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தான்.

"அண்ணே, சூளகிரில இருக்கற சின்ன வூடு உங்களுதா?"

ராமப்பன் யோசித்தான். நண்பனைக் காப்பாற்றுகிற நேரம் என்று புரிந்தது. "ஆமாங்க அண்ணி. சின்ன வூடு என்னுதுதான்."

போனுக்குள் ஒரு பாத்திரம் விழுந்தது. "என்னாது?" என்று ராமப்பன் பெண்டாட்டி குரல் கேட்டது.

"இல்ல இல்ல, என்னுது இல்ல," என்று ராமப்பன் பதறினான். "சத்தியமா மாதப்பனுது. நான் ஒருவாட்டி போய்ப் பாத்ததோட சரி. தொடக்கூட இல்ல. தொட்டா அவருக்குக் கோவம் வரும்."

"ஜன்னல் கொண்டார்றேங்கறாளே, அவ யாரு?"

"பெங்களூரு சௌமியாம்மாவா? அதெல்லாம் தப்பா ஒண்ணும் இல்லீங்க அண்ணி. இவரு செவப்புக் கல்லு குடுப்பாரு. அது வெள்ளக் கல்லு குடுக்கும். அவ்ளோதான் பழக்கம்."

காவேரியின் கை காதுக்குப் போனது. "என் தோட்டுல கல்லு விழுந்து ஓட்டையோட திரியறேன். பெங்களூருக்காரிக்குச் செவப்புக் கல்லா?"

குழாயடி மொத்தமும் பார்த்த பார்வையில் மாதப்பனின் லுங்கி முடிச்சுகூடக் கூசியது.

காவேரி துணியை மூட்டை கட்டினாள். பாரூரிலிருந்து தம்பி தமிழரசனை வரவழைத்தாள். "அந்தச் சின்ன வூட்ட நேர்ல பாத்துட்டு, அப்படியே எங்கம்மா வூட்டுக்குப் போறேன். இனி இந்த மனுசனுக்குச் சோறு பொங்க மாட்டேன்." சொன்னதைச் செய்கிறவள் அவள். அது மாதப்பனுக்குத் தெரியும்.

தமிழரசன் குட்டியானை வண்டியோடு வந்தான். காவேரியும் மூட்டையும் ஏறினார்கள். சாட்சிக்கு என்று வெள்ளைச்சாமி ஏறினான். சாட்சிக்குச் சாட்சியாக லைனில் பாதிப் பேர் ஏறினார்கள். மாதப்பன் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஆடு மாதிரி மூலையில் உட்கார்ந்தான்.

பாதி வழியில் அவனுக்குத் தாங்கவில்லை. மச்சான் காதில் குனிந்தான். "தமிழு, அது பொம்பள இல்லப்பா. பொம்மை."

தமிழரசன் பல்லைக் கடித்தான். "பொம்மை மாதிரி இருக்காளா? எங்கக்கா எதிர்லயே இதச் சொல்ல உங்களுக்கு வெக்கமா இல்லியா மாமா?"

வண்டி முழுக்க 'ச்சே' என்றது.

சூளகிரியில் வீட்டுக்கார அம்மா மாரம்மா வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தைப் பார்த்து எழுந்தாள்.

"நல்ல மனுசன்தான்மா," என்றாள் விசாரித்த காவேரியிடம். "வந்தா கதவச் சாத்திக்குவாரு. உள்ளருந்து கொஞ்சற சத்தம் மட்டும் வரும். உக்காரு தங்கம், உக்காரு, இன்னும் கொஞ்சம் நவுந்துக்கன்னு."

அடம்பிடிக்கிற கல்லைத்தான் மாதப்பன் அப்படிக் கெஞ்சுவான். அதை இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பினால்தான் என்ன மரியாதை? சாவியை எடுத்து நீட்டினான்.

காவேரி, தமிழரசன், மாதப்பன் மூவரும் உள்ளே போனார்கள். மற்றவர்கள் ஜன்னலுக்கு அலைந்தார்கள். ஜன்னல் உள்ளே தாழிட்டிருந்தது.

பெண் யாரும் இல்லை. அறை நீளத்துக்கு ஒரு மேசை. மேசை மேல் மூக்கண்டப்பள்ளி. தகரக் கூரை போட்ட லைன் வீடுகள், கம்பெனி சுவர், ஷிப்ட் பஸ், பஸ்ஸுக்கு நிற்கிற விரல் உயர ஆட்கள், டீக்கடை. எல்லாம் கல்லை அழுத்திச் செய்தவை. ஓரத்தில் ஒரு வீடு மட்டும் ஜன்னலுக்காகக் காத்திருந்தது. அது அவர்கள் வீடு.

தமிழரசன் அந்தக் கூரையைத் தூக்கிப் பார்த்தான். உள்ளே அடுப்பு இருந்தது. கட்டில் இருந்தது. மெதுவாகத் திரும்ப வைத்தான். டக்.

"இதா மாமா?"

மாதப்பன் தரையைப் பார்த்தான். நிஜமாகவே ஒருத்தியோடு பிடிபட்டிருந்தால்கூட இவ்வளவு குறுகியிருக்கமாட்டான் என்று தோன்றியது.

காவேரி குனிந்து குழாயடியைப் பார்த்தாள். அங்கே ஒரு குட்டிப் பொம்பளை குடத்தோடு நின்றாள். கொண்டை இருந்தது.

"இது நானா?"

"ம்."

"நம்ம கொடம் நீலம். இதுல ஆரஞ்சு."

"நீலம் கெடைக்கல," என்றான் மாதப்பன், தரையிடம்.

காவேரி அந்தக் குட்டிப் பொம்பளையை எடுத்துப் பார்த்தாள். எடுத்த இடத்திலேயே வைத்தாள். தோளில் இருந்த துணி மூட்டையை இறக்கி மேசைக்கடியில் தள்ளினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதைவிட மோசமாக வேறு ஏதோ கவலை இருந்தது.

வெளியே கதவு தடதடத்தது. "தமிழு, யாருப்பா உள்ள?" என்றது வெள்ளைச்சாமி குரல். "ஆளு சிக்கிருச்சா?"

தமிழரசன் மேசையைப் பார்த்தான். நரைமீசை மாமாவைப் பார்த்தான். கடைசியில் அக்காவைப் பார்த்தான். "இத எப்புடிக்கா அவங்ககிட்ட சொல்றது?"

காவேரி எட்டிப் போய்க் கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"பொம்பளதான், பின்பக்கமா ஓடிட்டாள்னே சொல்லுடா. மானமாச்சும் மிஞ்சட்டும்."