ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பாலம்

நோரிஸ் அக்ராய்டு தோட்டத்துக் கொட்டகைக்குள் ஒளிந்துகொண்டு பிராக் நகரத்துக்கு விமான டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தபோது, யாரோ கதவைத் தட்டினார்கள்.

"உள்ள என்ன பண்ற?" வெளியே மனைவி கிளெண்டா.

"புல் வெட்டற மெஷினை ரிப்பேர் பண்றேன்."

"ஜனவரி மாசத்திலயா?"

நோரிஸ் கைபேசியைப் பூந்தொட்டிக்குள் போட்டார். "இப்பவே பண்ணி வெச்சா நல்லதுதானே, கண்ணு."

"டீ ஆறுது." காலடிச் சத்தம் வீட்டை நோக்கித் திரும்பியது.

முப்பத்தோரு வருஷம் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரில் செங்குத்தான தெருக்களில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் நோரிஸ். பனியில் வழுக்கிய பஸ்ஸைக்கூடப் பதறாமல் நிறுத்தியிருக்கிறார். ஆனால் மனைவியிடம் பொய் சொன்னால் மட்டும் காது இரண்டும் சிவந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஃப்ரிட்ஜ்தான். மகள் டாம்சின் பள்ளியில் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்த காலத்திலிருந்து, அதாவது பதினெட்டு வருஷமாக, அதன் கதவில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. ஏதோ காலண்டரிலிருந்து கிழித்தது. பழைய கல் பாலம். இருபுறமும் வரிசையாகச் சிலைகள், ஒவ்வொன்றின் தலையிலும் பனி. தூரத்தில் மேட்டின் மேல் கோட்டை. கீழே சின்ன எழுத்தில் 'பிராக்'. தினமும் காலையில் டீக்குப் பால் எடுக்கப் போகும் நோரிஸ், பாட்டிலைக் கையில் பிடித்தபடி அதன் முன் நின்றுவிடுவார். இப்படியும் ஓர் ஊர் இருக்குமா, அதில் மனிதர்கள் சாதாரணமாகக் காய்கறி வாங்கிக்கொண்டு நடப்பார்களா என்று மலைப்பாக இருக்கும்.

கிளெண்டாவோ அந்தப் படத்தைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்தாள். முனை சுருண்டால் உடனே புது டேப் ஒட்டுவாள். ஒருமுறை, குப்பை வண்டி வரும் தேதிகளை அங்கே ஒட்டலாமென்று நோரிஸ் படத்தில் கை வைத்தார்.

"அது அங்கயே இருக்கட்டும்!"

அந்தக் குரலிலேயே நோரிஸுக்குப் புரிந்துவிட்டது. அந்த ஊரை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய வாழ்நாள் ஆசை.

வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். எங்கள் யார்க்‌ஷயரில் அதெல்லாம் நடக்காது. ஆசையைச் சொல்வது அநாகரிகம், அடுத்தவர் ஆசையைக் கேட்பது அதைவிட அநாகரிகம். 'உனக்கு எது இஷ்டமோ', 'எனக்கு எதுன்னாலும் சரி' என்று முப்பத்து நான்கு வருஷம் மாறி மாறி விட்டுக்கொடுத்து, ஒவ்வொரு விடுமுறைக்கும் ஃபைலி கடற்கரையில் அதே வாடகைக் கேரவன் வண்டிக்குள் உட்கார்ந்து அதே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன அக்டோபரில் நெஞ்சுவலி வந்து நோரிஸ் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவருக்கு ஒரே நினைப்புதான்: அவளை அந்தப் பாலத்துக்குக் கூட்டிப் போகாமலே கண்ணை மூடியிருப்பேனே! பிப்ரவரியில் கிளெண்டாவுக்கு அறுபது வயது. பிறந்தநாளையொட்டி வெள்ளிக்கிழமை போய்த் திங்கட்கிழமை திரும்புவதாகத் திட்டம். அதுவரை அவளிடம் மூச்சு விடக் கூடாது.

முதலில் கோட்டு. பிராக்கின் குளிர் எலும்பைத் துளைக்கும் என்று எங்கோ படித்திருந்தார்.

"கிளெண்டா, உன் கோட்டு நைஞ்சு போச்சு. கனமா புதுசு ஒண்ணு வாங்கிக்கயேன்."

கல்யாணமானதிலிருந்து அவள் உடையைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

"ஏன், என்னோட நடக்க வெக்கமா இருக்கா?"

"ஐயோ, இல்ல. உன் உடம்புக்கு ஏத்த மாதிரி..."

"என் உடம்புக்கு என்ன?"

இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை.

அடுத்தது லீவு. கிளெண்டாவுக்குப் பள்ளிச் சமையலறையில் வேலை. அங்கே மேற்பார்வை பார்க்கும் பாக்சன் அம்மாவுக்கு நோரிஸ் கொட்டகையிலிருந்து போன் செய்தார். "வெள்ளியும் திங்களும் அவளுக்கு லீவு குடுங்க. ஆனா அவளுக்குத் தெரியக் கூடாது."

"கவலையே படாதீங்க. என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது" என்றார் பாக்சன் அம்மா. சொன்னபடியே செய்தார்.

மறுநாள் கிளெண்டா கண் சிவந்து வீடு திரும்பினாள். "வேலைப் பட்டியல்ல ரெண்டு நாள் என் பேரை அடிச்சுட்டாங்க. ஏன்னு கேட்டா பாக்சன் ஜன்னலைப் பார்க்கறா. இருபத்திரண்டு வருஷமா அங்க உருளைக்கிழங்கு மசிச்சிருக்கேன், நோரிஸ்! இப்ப நான் வேண்டாதவளாயிட்டேன்."

நோரிஸுக்குப் பாவமாக இருந்தது. "போகட்டும் விடு. நல்லா ரெஸ்ட் எடு."

"அறுபதாவது பிறந்தநாளுக்கு வீட்ல உட்கார்ந்து சுவத்தைப் பார்க்கவா? விட்பிக்குப் போய் அக்கா டோரீனோட நாலு நாள் இருந்துட்டு வர்றேன்."

நோரிஸ் ஓடிப்போய்க் கொட்டகையில் புகுந்து டோரீனுக்குப் போன் செய்து, ஏதாவது சாக்குச் சொல்லித் தடுக்கும்படி கெஞ்சினார். டோரீன் உதவத் தயார்தான். பொய் சொல்வதில்தான் அவள் நோரிஸைவிட மோசம்.

"டோரீனுக்கு அம்மை போட்டிருக்காம்" என்றாள் கிளெண்டா அன்று மாலை. "அறுபத்தஞ்சு வயசுல! காலையில குழாய் உடைஞ்சு வீடெல்லாம் தண்ணின்னா. ஏன் மாத்திச் சொல்றேன்னு கேட்டா, ரெண்டும்தாங்கறா. என் கூடப் பிறந்தவளுக்கும் நான் வேண்டாமாம்."

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நோரிஸ் கொட்டகையில் உட்கார்ந்து யோசித்தார். ஆனால் கைபேசியில் பிராக்கின் பழைய கடிகாரத்தைப் பற்றிப் படித்ததும் மனம் மறுபடி அங்கே போய்விட்டது. அறுநூறு வருஷமாக ஓடும் கடிகாரம். சூரியன் எங்கே, சந்திரன் எங்கே என்றுகூடக் காட்டுமாம். தன் பஸ் ஒருநாளும் நேரத்துக்குப் போனதில்லை என்று நினைத்தபோது அந்தக் கடிகாரத்தைச் செய்தவரை நேரில் கும்பிடத் தோன்றியது.

அப்போது கொட்டகைக் கதவு தட்டப்படாமலே திறந்தது. கிளெண்டா நின்றாள்.

"யாரவ?"

"எவ?"

"இங்க ஒளிஞ்சு தினம் யாரோட குசுகுசுன்னு பேசற? என் கோட்டு பிடிக்கல, என் உடம்பு பிடிக்கல. காது வேற இப்படி சிவந்து கிடக்கு! சொல்லிடு நோரிஸ், நான் தாங்கிக்குவேன்."

இனியும் மறைத்தால் அவளையே இழந்துவிடுவோம் என்று நோரிஸுக்குப் பயம் வந்துவிட்டது. பூந்தொட்டிக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த, மண் ஒட்டிய டிக்கெட் காகிதத்தை எடுத்து நீட்டினார்.

கிளெண்டா படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். "பிராக்குக்கா? நீயும் நானுமா?"

"பதினெட்டு வருஷத்து ஆசை" என்றார் நோரிஸ். "வாயைத் திறந்து சொன்னாத்தானா?"

கிளெண்டா ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. "எனக்குத் தெரியாதா என்ன" என்று சொல்லி அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பாக்சனையும் டோரீனையும் மன்னிக்க அவளுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கோட்டு விஷயத்தை மன்னிக்க மட்டும் ஒரு வாரம் ஆனது.

பிப்ரவரியில் அந்தச் சனிக்கிழமை காலை, இருவரும் அந்தப் பாலத்தில் நின்றார்கள். விடியும்போதுதான் பனி பெய்து ஓய்ந்திருந்தது. கறுத்த சிலைகள் வெள்ளைத் தலைகளோடு வரிசையாக நின்றன. மேட்டில் கோட்டை பாதி பனிமூட்டத்தில் மிதந்தது. எங்கோ ஒரு கோபுரத்தில் மணி அடித்தது, இன்னொரு கோபுரம் அதற்குப் பதில் சொன்னது. கீழே ஆறு அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. எத்தனை நூறு வருஷமாக எத்தனை பேர் இந்தக் கல்லின் மேல் நடந்திருப்பார்கள் என்று நினைத்தபோது நோரிஸுக்கு உடல் சிலிர்த்தது. தானாகவே தொப்பியைக் கழற்றினார். கண்ணீர் வழிந்ததைக் குளிரின் மேல் பழி போட்டுத் துடைத்துக்கொண்டார்.

பக்கத்தில் கிளெண்டா புதுக் கோட்டோடு நின்றிருந்தாள். பாலத்தைவிட அதிகமாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சந்தோஷமா, கண்ணு?"

"ரொம்ப. உனக்கு?"

"நீ சந்தோஷமா இருந்தா எனக்குப் போதும்."

கைபேசி அடித்தது. லீட்ஸிலிருந்து டாம்சின், அம்மாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல வீடியோவில் கூப்பிட்டாள். நோரிஸ் பெருமை பொங்கக் கைபேசியைப் பாலத்தின் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பாரும்மா, நம்ம ஃப்ரிட்ஜ்ல இருக்கே, அம்மாவோட படம்! அச்சு அசல் அதேதான்!"

திரையில் டாம்சின் டோஸ்டை மெல்லுவதை நிறுத்தினாள்.

"அம்மாவோட படமா? ஹாக்கி மட்டையால நான் ஃப்ரிட்ஜ்ல போட்ட பள்ளத்தை மறைக்க ஒட்டினதுப்பா அது! கிழிச்சுப் போடறேன்னு நான் சொல்றப்பல்லாம், 'தொடாதே, உங்கப்பா தினம் பாலைக் கையில வெச்சுட்டு அது முன்னாடிதான் நிக்கறாரு, பாவம், அவரோட ஆசைடி'ன்னு அம்மாதானே தடுத்தாங்க!"