நாற்பத்து மூன்று சிவப்பு வரிகள்

திரையில் நாற்பத்து மூன்று வரிகள் சிவப்பாக இருந்தன. நான்கு மணிக்கு நகராட்சி ஆணையர் வந்து பார்க்கும்போது ஒன்றுகூட இருக்கக் கூடாது.

"எல்லாம் பச்சையா இருக்கணும். பச்சைன்னாதான் அவருக்குப் புரியும்," என்றார் நிர்வாக அதிகாரி. "இருபது வருஷ சர்வீஸ்ல நான் ஒரு மனுவுக்கும் முடியாதுன்னு எழுதினதில்ல. எல்லாத்துக்கும் தேதி உண்டு. அதைக் கம்ப்யூட்டர் காட்டணும், அவ்வளவுதான்."

அவன் தலையாட்டினான். மூன்று வருடமாகத் தற்காலிகப் பணியில் இருப்பதால் அலுவலகத்தில் அவன் பெயரே தற்காலிகம். அந்தப் பெயர் எப்படியோ மாமனார் வீடுவரை போய்ச் சேர்ந்திருந்தது.

"சார், என்னோட மனு..."

"நிரந்தரம் கேட்டியே, அதுவா? அதுக்கும் தேதி போட்டாச்சுப்பா. நீ வேலையைப் பாரு."

தற்காலிகத்துக்கு உடம்பு ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருந்தது. உடனே மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னான்.

"எங்கப்பா சும்மா நம்ப மாட்டார். என்ன தேதின்னு கேளுங்க," என்றாள் அவள். வைத்த பிறகும் விடாமல் கூப்பிட்டாள். போனைச் சத்தமில்லாமல் ஆக்கி இழுப்பறையில் போட்டுவிட்டு வேலையில் உட்கார்ந்தான்.

தெருவிளக்கு கேட்ட தெருக்காரர் முதல் இடமாற்றம் கேட்ட ஊழியர் வரை எல்லார் மனுவும் ஒரே பதிவேட்டில்தான். ஆறாயிரம் வரி. அதிலிருந்து தேதியை மட்டும் பொறுக்கி எடுக்க அவன் ரெஜெக்ஸ் என்ற சூத்திரம் எழுதியிருந்தான். பார்வைக்குக் கோழி கிளறிய குப்பை. ஆனால் இத்தனை இலக்கம், ஒரு கோடு, மறுபடி இத்தனை இலக்கம் என்று உருவத்தை வைத்தே தேதியைக் கவ்விக்கொண்டு வரும். தேதி சரியில்லை என்றால் அந்த வரி சிவப்பு. திரையில் வரி எண்ணும் தேதியும் மட்டும்தான் தெரியும். பேர், விலாசமெல்லாம் அவனுக்கு வேண்டாத சமாச்சாரம்.

நாற்பத்து மூன்றிலும் ஒரே தேதி. பிப்ரவரி முப்பது.

எழுதினவர் கை தவறியிருக்கும் என்று நினைத்தான். நாற்பத்து மூன்று தடவை ஒரே இடத்தில் கை தவறுமா என்று யோசிக்க நேரமில்லை.

சூத்திரத்தைக் கொஞ்சம் தளர்த்தினான். சிவப்பு போனது. கூடவே, தளர்ந்த சூத்திரம் கதவு எண்ணையெல்லாம் தேதி என்று பிடித்துக்கொண்டது. 7/11/19 வீட்டுக்காரரின் சாக்கடை அடைப்பு 2019 நவம்பரிலேயே தீர்ந்துவிட்டதாகச் சொன்னது கணினி.

மறுபடி இறுக்கினான். இல்லாத தேதி வந்தால் இருக்கிற தேதிக்குத் தள்ளிவிடு என்று ஒரு வரி சேர்த்தான். பிப்ரவரி முப்பது உருண்டுபோய் மார்ச் இரண்டில் நின்றது. எல்லாம் பச்சை. நாற்காலியில் சாய்ந்து சோம்பல் முறித்தான்.

தேதி மாறினால் மனு போட்டவர் போனுக்குத் தானாகவே செய்தி போகும் வசதியைப் போன மாதம் எழுதியவனும் அவன்தான். அதற்குப் பாராட்டுகூட வாங்கியிருந்தான்.

முன்கூடத்தில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. அங்கே போன் எடுக்கும் அக்கா எட்டிப் பார்த்தார்.

"தம்பி, பதினோரு வருஷமா குழாய் இணைப்பு கேக்கறவங்களாம். மார்ச் ரெண்டாம் தேதி வருதாமே? சந்தோஷத்துல போன்லயே அழறாங்க. இன்னும் எத்தனை பேரு இப்படி?"

"நாப்பத்தி மூணுக்கா."

"பேரெல்லாம் அச்சடிச்சுக் குடுங்க. கூப்பிடறவங்களை டிக் போட்டுக்கறேன்."

அச்சுப்பொறிக்கு ஆணை கொடுத்து முடிப்பதற்குள் அதிகாரி மூச்சிரைக்க வந்து நின்றார். அக்காவே தாளை உருவிக்கொண்டு போனார்.

"எவன்யா மார்ச் போட்டது?"

"இல்லாத தேதியா இருந்துச்சு சார், அதான்..."

"இல்லாத தேதின்னு தெரிஞ்சுதான்யா போட்டோம்." கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "முடியாதுன்னு சொன்னா சண்டைக்கு வருவாங்க. தேதி போட்டாச்சுன்னா கும்பிடு போட்டுட்டுப் போவாங்க. ஜனவரி பொறந்தா வருஷத்தை மட்டும் மாத்திக்குவோம். இதுக்குப் பேருதான் நிர்வாகம்."

தற்காலிகத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாற்பத்து மூன்று ஏமாளிகள்.

ரகசியம் பிடிபட்டதும் கை தானாக ஓடியது. பிப்ரவரிக்கு முப்பது நாள் என்று சூத்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தான். 'முந்தைய செய்தி தவறுதலாக வந்தது. தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று எல்லாருக்கும் இன்னொரு செய்தி தட்டிவிட்டான். நான்கு மணிக்கு ஆணையர் வந்தார், பச்சையைப் பார்த்தார், திருப்தியோடு போனார்.

"உன்னை மாதிரி ஆளு இங்கயே இருக்கணும்ப்பா," என்று அதிகாரி அவன் முதுகில் தட்டினார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது முன்கூடத்தில் நின்றான். அக்கா பட்டியலும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா, எல்லாரும் கூப்பிட்டுட்டாங்களா?"

அக்கா பட்டியலை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

"நாப்பத்தி ரெண்டு பேர் கூப்பிட்டுத் திட்டியாச்சு தம்பி. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."