விண்ணப்ப வைத்தியர்

விண்ணப்ப வைத்தியர் என்றொரு இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். யார் எதற்கு விண்ணப்பித்தாலும் அது முதலில் இவர் கைக்கு வந்து, நாடி பார்க்கப்பட்டு, இரண்டு பத்தி வெட்டப்பட்டு, ஒரு பத்தி தைக்கப்பட்டு, புது ரத்தம் ஏறிய பிறகுதான் போக வேண்டிய இடத்துக்குப் போகும். இவருடைய சொந்த விண்ணப்பமா? அது வருடக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடக்கும்.

எங்கள் தலைநகர் மொண்டெவிடியோவில், புற்றுநோய் ஆய்வுக்கூடம் ஒன்றில், இந்த இனத்தின் அசல் உருப்படி ஒருவர் இருந்தார். பெயர் டார்டோ ஒலாசாபால். எட்டு வருடமாகக் கண்ணாடித் தட்டுகளில் புற்றுநோய்ச் செல்களை வளர்ப்பது அவர் வேலை. இரண்டு நாளைக்கு ஒருமுறை தீனி மாற்றி, எந்தத் தட்டு கொழுத்திருக்கிறது, எது முகம் வாடியிருக்கிறது என்று பார்த்த பார்வையிலேயே சொல்லிவிடுவார். முனைவர் பட்டம் ஒன்றுதான் பாக்கி.

அதற்கும் வழி பிறந்தது. மார்பகப் புற்றுநோய் எலும்புக்குள் எப்படிக் குடியேறுகிறது என்று ஆராய நான்கு வருடம், மாதாமாதம் உதவித்தொகை, ஒரே ஒரு இடம். வயது முப்பத்து நான்கைத் தாண்டக் கூடாது. டார்டோவுக்கு ஆகஸ்டில் முப்பத்தைந்து. ஆக, இதை விட்டால் அவருக்கு வேறு கதி இல்லை. எட்டு வருடமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்த ஆராய்ச்சி யோசனையும் கைவசம் தயார்.

அறிவிப்பு வந்த அன்றே நடைபாதையில் கூட்டம் கூடிவிட்டது. செல் அறைக்குள் எதையும் குடிக்கக் கூடாது என்பதால் எங்கள் ஆய்வுக்கூடங்களில் அறிவியல் பாதி நடைபாதையில்தான் நடக்கும். கக்கத்தில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே என்கிற இலைக் கஷாயம் நிறைந்த சுரைக்குடுக்கை. ஒரே குழலில் எல்லோரும் முறை வைத்து உறிஞ்ச, ஊற்றிக் கொடுப்பவர் டார்டோ.

"இந்தக் கடுதாசியப் பாரு டார்டோ. எழுதினது எனக்கே புடிக்கல" என்றாள் ரொசீனா, பக்கத்து மேஜையில் வேலை பார்ப்பவள்.

"'சிறு வயது முதலே அறிவியலில் ஆர்வம்'னு ஆரம்பிச்சிருக்கியே, உருப்படுமா இது? இருநூறு பேர் இதையேதான் எழுதுவான். தள்ளு, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். ரொசீனாவுடையதை மட்டுமா? எலிக்கூண்டு பார்க்கும் வில்மாருடையதை, இரண்டாம் மாடிக்காரர்கள் இருவருடையதை, எல்லாவற்றையும்தான். ரொசீனாவின் இரண்டாம் பத்தி சோகை பிடித்திருந்ததால், தன்னுடையதிலிருந்தே ஒரு யோசனையை எடுத்து அங்கே வைத்தார். அங்கே அது அழகாக உட்கார்ந்துவிட்டது. சரி, நமக்கு வேறொன்று தோன்றாமலா போகும் என்று விட்டுவிட்டார்.

அதோடு விட்டாரா? "சுற்றுலா வாரம் வருதுப்பா! புதன் மத்தியானம் கெடு. பணம் குடுக்கறது வெளிநாட்டு அறக்கட்டளை, நம்ம ஊர் ஈஸ்டருக்கு ஒரு வாரம் முழுக்கக் கதவச் சாத்திடும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமைக்குள்ள பேராசிரியர்கிட்ட பரிந்துரை வாங்கிடுங்க, அது இல்லாட்டி விண்ணப்பம் செல்லாது!" என்று மாடி மாடியாக ஏறி எச்சரித்தார். வெள்ளிக்கிழமை காலை நான்கு பேர் தாள்களையும் பேராசிரியர் பெந்தான்கூரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவரும் சாட்சாத் அவரே.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "உன்னோடது எங்கய்யா?"

"ஒரே ஒரு வாக்கியம்தான் டாக்டர். சாயங்காலம் தந்துடறேன்."

அந்த ஒரு வாக்கியத்தை மாற்றினார். அது மாறியதும் அடுத்தது இளைத்துத் தெரிந்தது. அதை மாற்றினால் முந்தினது முறைத்தது. இப்படியே சனி போய், ஞாயிறும் போய், திங்கட்கிழமை காலை எல்லாம் கச்சிதமாக முடிந்ததும் பேராசிரியருக்குப் போன் போட்டார். எடுத்தது அவர் மனைவி.

"அவரா? ரோச்சாப் பக்கம் ஆத்துல மீன் பிடிக்கப் போயாச்சு. வியாழக்கிழமைதான் வருவாரு."

"அவர் கைப்பேசிக்குத்தானேம்மா நான் போட்டேன்?"

"அதைத்தான் வருஷா வருஷம் வீட்டுல போட்டுட்டுப் போறாரே! ஆமா, நீங்கதான் டார்டோவா? உங்க பரிந்துரையைத்தான் மொதல்ல எழுதி வெச்சிருந்தாராம். உங்க தாளைப் பாக்காம அனுப்பக் கூடாதுன்னு வெள்ளிக்கிழமை ஆறு மணி வரைக்கும் காத்திருந்திருக்காரு. வந்து ஒரே திட்டு."

எந்த இடம் என்று டார்டோ துருவித் துருவிக் கேட்டார். ஊருக்கெல்லாம் தண்டோரா போட்ட வாரத்தில் தானே போய் விழுந்திருக்கிறாரே, இதை யாரிடம் சொல்லி அழுவது? எந்த ஆறு என்றுகூடப் பேராசிரியர் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. புதன் மத்தியானம் வந்தது, போனது.

மே மாதம் ரொசீனா ஒரு பெட்டி இனிப்பு ரொட்டியோடு நடைபாதையில் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். "கெடச்சிடுச்சு டார்டோ! அந்த ரெண்டாவது பத்திதானாம். தேர்வுக் குழுவுல அதை மட்டும் சத்தமா வாசிச்சாங்களாம்!" சொல்லும்போதே அவள் முகம் மாறியது. "அது உன் யோசனைல்ல? நீ ஏன்யா அனுப்பல?"

டார்டோவுக்கு வயிறு எரிந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் ஒரு வாய் ரொட்டியோடு விழுங்கிக்கொண்டு, "அந்தப் பத்தியில கடைசி வாக்கியம் கொஞ்சம் நீளம். அப்பவே சொல்லணும்னு நெனச்சேன்" என்றார். பிறகு செல்களுக்குத் தீனி மாற்றப் போனார். அவற்றில் பாதி, இனி ரொசீனாவின் ஆராய்ச்சிக்கு.

பாவம் மனுஷர் என்று உச்சுக் கொட்டுகிறீர்கள். கொட்டுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, அந்த நாடி பார்க்கிற வாக்கியம் தேவைக்கு மேல் நீளம், ரொட்டியை இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருக்கலாம் என்று மனசுக்குள் இரண்டு இடத்தில் கோடு போட்டீர்களா இல்லையா? போட்டீர்கள் என்றால், உங்கள் மேஜை இழுப்பறையில் அனுப்பாமல் கிடக்கிறதே ஒன்று, அதை இப்போதே எடுத்து, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அனுப்பிவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

என்ன, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டா?