மைனாவின் மரணக் காட்சி

ஒரு காட்டில் புலி ராஜா ஆண்டுவந்த காலத்தில், பூங்கோதை என்ற மைனா பெரிய பாடகியாக வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தாள். குரலில் குறையில்லை. ஆனாலும் எந்தக் கச்சேரியிலும் அவளைப் பின்வரிசையில்தான் நிறுத்துவார்கள். முன்வரிசை பெரிய இடத்துக் கிளிகளுக்கு.

அப்போது தேவாங்கு அமுதவாணர் ஒரு பழைய நாடகத்தைத் தூசி தட்டி எடுத்தார். காதலன் ஆற்று வெள்ளத்தில் மாண்டுபோக, காதலி அரளி விதையைத் தின்று உயிரை விடும் கதை. காடே தலைமுறை தலைமுறையாக அழுத கதை.

"இதை ஓபராவாகப் போடப்போகிறேன்," என்றார்.

"அப்படின்னா?" என்றது முயல்.

"பேச்சே கிடையாது. தண்ணீர் கேட்பதென்றாலும் பாடித்தான் கேட்க வேண்டும்."

"தாகத்திலேயே செத்துருவாங்களே!"

"அதனால்தான் அது சோக நாடகம்."

மேடையில் சாவது அபசகுனம் என்று கிளிகள் ஒதுங்கிக்கொண்டதால் நாயகி வேடம் பூங்கோதைக்குக் கிடைத்தது. அன்றைக்கு அவளுக்கு இரையே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

நாயகன் இருவாச்சிப் பறவை தாண்டவராயர். மேடை போட்டது அவருடைய மரத்தடியில். அது ஒன்றுதான் தகுதி. அவர் வாயைத் திறந்தால் தகரத்தைப் பாறையில் இழுத்தது போலிருக்கும். அதனால் அமுதவாணர் முதல் காட்சியிலேயே வெள்ளத்தை வரவழைத்து அவரைக் கொன்றுவிட்டார். மிச்ச நேரமெல்லாம் பிணமாகக் கிடப்பதுதான் வேலை. கிடந்தபடியே ஒரு கண்ணைத் திறந்து பூங்கோதையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"சகிக்கலை ஐயா," என்றாள் அவள் அமுதவாணரிடம்.

"அந்த எரிச்சலைச் சோகமாக்கிப் பாடும்மா. அதுக்குப் பேர்தான் கலை."

அரங்கேற்றத்தன்று சிறப்பு விருந்தினர் புலி ராஜா. ஆனால் அவர் வரவில்லை. எங்கோ ஒரு குட்டையைத் திறந்துவைக்கப் போயிருந்தார். கூட்டம் பொறுமையிழக்கவே, நாடகத்தைத் தொடங்கிவிட்டார்கள். தாண்டவராயர் செத்தார். பூங்கோதை அரளி விதையை விழுங்கினாள். தள்ளாடினாள். கடைசிப் பாட்டை முடித்து விழப்போன நேரத்தில், ராஜாவின் செயலாளர் நரி ஓடிவந்தது.

"ராஜா வந்துகிட்டே இருக்கார்!"

அமுதவாணர் திரைக்குப் பின்னாலிருந்து அலறினார். "சாகாதே! இழு, இழு!"

இழுத்தாள். பாதி விழுந்தவள் எழுந்து இன்னொரு சரணம் பாடினாள். விஷம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. "இன்னுமா சாகலை?" என்று பின்னாலிருந்து ஒரு பன்றி சலித்துக்கொண்டது.

ஒருவழியாக ராஜா வந்து, பொன்னாடை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். "ம், விட்ட இடத்திலேர்ந்து ஆரம்பிங்க."

தன் வாழ்நாளின் மிகச் சிறந்த பாட்டை அப்போதுதான் பூங்கோதை பாடினாள். கிளிகளே விசும்பின. ராஜா தேம்பித் தேம்பி அழுதார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"என் ஆட்சியில காதலுக்காக ஒரு உயிர் போறதா?"

"நாடகம், ராஜா," என்று காதில் ஓதியது நரி.

"நாடகத்தில் செத்தாலும் கெட்ட பேர் எனக்குத்தானே? இதோ, அந்தப் பையனும் கண்ணைத் திறந்துதான் இருக்கான். ரெண்டு பேருக்கும் இந்த மேடையிலேயே கல்யாணம்!"

காடு அதிரக் கைதட்டல். பிணம் சட்டென்று எழுந்து தோளைச் சிலிர்த்துக்கொண்டது.

பூங்கோதை மேடை விளிம்புக்கு ஓடிவந்தாள். "ராஜா, எனக்கு இவரைப் பிடிக்கவே பிடிக்காது. நான் சும்மா நடிச்சேன்!"

அமுதவாணர் திரைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "பேசாதே! ஓபரா கெட்டுப்போகும். எதுவானாலும் பாடிச் சொல்!"

வேறு வழியில்லாமல் பாடினாள். வேண்டாம் என்ற ஒரே சொல்லை, இருந்த உயிரையெல்லாம் திரட்டிப் பாடினாள். அது அத்தனை இனிமையாக இருந்ததால் என்ன சொல்கிறாள் என்று யாரும் கவனிக்கவில்லை. "வெட்கப்படுறா," என்றார் ராஜா. மாலை மாற்றினார்கள்.

மனைவியை மரப்பொந்தில் உட்காரவைத்து வாசலைச் சேறு பூசி அடைப்பது இருவாச்சிக் குல வழக்கம். அலகு நுழையும் அளவுக்கு இடுக்கு விட்டார்கள். அதன் வழியாகத் தாண்டவராயர் பழம் ஊட்டினார். அதன் வழியாக அவள் பாடினாள். அதைக் கேட்பதற்கென்றே தினமும் மாலையில் காடு கூடியது. முன்வரிசையில் இடம் பிடிக்கக் கிளிகள் அடித்துக்கொண்டன.

"இவ்வளவு உருக்கமா என்ன பாடுறா?" என்றது முயல்.

"என்னை வெளியே விடுங்கள் என்கிறாள்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் அமுதவாணர்.

"அய்யோ! அப்போ..."

"உஸ்! முகாரி எடுக்கிறாள், கேள்."

நீதி: மேடையில் சாக வேண்டியவர்கள் சிறப்பு விருந்தினர் வருவதற்குள் செத்துவிட வேண்டும்.