வயர் இழுக்கலாமா என்று கேட்கப் போனவர்

கேட்டுச் செய்கிறவர் என்றோர் இனம் உண்டு. அருகி வரும் இனம் அல்ல, கவலைப்படாதீர்கள். பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு கல்லை விட்டெறிந்தால் ஒருவர் மேலாவது படும்; பட்டவரும் வலிக்கிறதா இல்லையா என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுக்கொண்டுதான் கத்துவார்.

இவரை முடிவெடுக்கத் தெரியாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. அது வேறு இனம். வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து நகம் கடிக்கும். இவர் வெளியே போவார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு, வேலைக்குத் தாமதமானவரின் அவசரத்தோடு போவார். சளி பிடித்தால் ஆவி பிடிக்கலாமா என்று மருந்துக்கடையில் கேட்பார், மருந்துக்கடைக்காரர் சொன்னதைச் செய்யலாமா என்று மீன் வாங்குகிற இடத்தில் கேட்பார், மீன்காரம்மா சொன்னது சரிதானா என்று மாதா கோயில் வாசலில் கேட்பார். அதற்குள் சளியே அலுத்துப்போய் இறங்கிவிடும். “பாத்தியளா, நாலு பேரக் கேட்டதால கொணமாயிட்டு” என்பார். என்ன பதில் சொல்வீர்கள்?

செபாஸ்டினை எடுத்துக்கொள்வோம். ஆயுளில் பெரும்பகுதியைக் கப்பல்களில் கழித்துவிட்டுக் கரையேறியவர். கப்பலில் ஒரு சிக்கலும் இல்லை. கயிற்றை இழு என்பார்கள், இழுப்பார். விடு என்பார்கள், விடுவார். கரைக்கு வந்த பிறகுதான், இழுக்கவும் விடவும் சொல்ல ஆளில்லை என்பதைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து ஊரெல்லாம் ஒரு கேப்டனைத் தேடிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்குள்ளேயே ஒரு கேப்டன் இருக்கிறாள், பெயர் இசபெல்லா, அவரையே கல்யாணம் செய்துகொண்டிருக்கிறாள் என்பது மட்டும் இன்னும் அவர் கவனத்துக்கு வரவில்லை.

இவர்களின் மகள் ஸ்டெபி. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு மாடி அறையிலிருந்தே வேலை பார்க்கிறவள். இணையப் பெட்டி கீழே ஹாலில், மாதா படத்துக்குப் பக்கத்தில் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். நடுவில் தடித்த கான்கிரீட் தளம். அதைத் துளைத்துக்கொண்டு மாடிக்குப் போய்ச் சேரும் வைஃபை, ஒரே ஒரு கோடாக, வரட்டுமா வேண்டாமா என்று கேட்டபடி வாசலிலேயே நிற்கும். வீட்டுத் தலைவரின் குணம் பெட்டிக்கும் வந்துவிட்டதோ என்னவோ. ஸ்டெபி முக்கியமான மீட்டிங்கில் வாயைத் திறக்கும்போதெல்லாம் திரையில் கல்லாய்ச் சமைந்துபோனாள். மேலதிகாரி முதலில் சிரித்தார், அப்புறம் பெருமூச்சு விட்டார், கடைசியில் சொல்லியே விட்டார்: திங்கட்கிழமை மீட்டிங்கிலும் இப்படி உறைந்துபோனால், மூட்டை கட்டிக்கொண்டு சென்னை ஆபீசுக்கே வந்துவிட வேண்டியதுதான். சென்னையை ஸ்டெபி பார்த்திருக்கிறாள். சன்னலைத் திறந்தால் இன்னொரு சன்னல் தெரிகிற விடுதி அறை. காற்று வாடகைக்குக்கூடக் கிடைக்காது.

நல்ல வேளையாக மாடி அறையில் உப்புக் காற்று தின்ற பூச்சைத் தட்டி எடுத்துவிட்டு, புதிதாகப் பூசுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. கொத்தனார் சுந்தர்சிங் ஒரு கேள்விதான் கேட்டார்.

“அண்ணாச்சி, வயர் மேல போவணும்னா இப்பவே சொல்லிருங்க. தளத்துல ஒரு தொளையப் போட்டு, செவுத்தக் கொத்திப் பைப்பப் பதிச்சிட்டுப் பூசிருதேன். பூசுன பொறவு கொத்தச் சொன்னா நான் ஊர்ல இருக்கமாட்டேன்.”

“என்னைக்குப் பூசுதீரு?”

“சனிக்கிழம.”

“ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லுதேன்.”

ஒரு வார்த்தையாம்! இந்த இனத்தின் தேசிய கீதமே அதுதான். அந்த ஒரு வார்த்தையைத் தேடி செபாஸ்டின் முதலில் போனது செந்தில்வேல் அண்ணாச்சியின் எலக்ட்ரிகல் கடைக்கு.

“அண்ணாச்சி, வயரா வைஃபையா, எது நல்லது?”

“ரெண்டும் நம்மட்ட இருக்கு.”

“அதில்ல. நீங்கன்னா எதப் போடுவிய?”

“நானா? நான் வித்துருவேன்.”

கடையில் பல்பு வாங்க வந்த யாரோ ஒருவர், கேட்காமலே, உப்புக் காற்றில் வயர் முனை துருப் பூத்துப்போகும் என்றார். செபாஸ்டின் வைஃபை பக்கம் சாய்ந்தார். இன்னொருவர், வைஃபை அலை மண்டைக்குள் போய் மறதியைக் கொடுக்கும் என்றார். வயர் பக்கம் சாய்ந்தார். பக்கத்துத் தெருவில் வயரை எலி கடித்த செய்தி வந்தது. நிமிர்ந்து நின்றார். பிறகு பழைய கப்பல் கூட்டாளி கிருபாநிதியைப் பிடித்தார். கிருபாநிதிக்குச் சந்தேகம் என்பதே கிடையாது. அந்த இனத்தைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

“ஏம்வே, நடுக்கடல்ல கப்பல் கரையோட பேசுதே, வயரா இழுத்துக்கிட்டுப் போவுது? ஒம்ம மாடிப்படி ஏற ஒமக்கு வயர் கேக்குதாக்கும்?”

இந்த வாதம் செபாஸ்டினைத் தெருமுனை வரை உறுதியாக வைத்திருந்தது. தெருமுனையில் வேறொருவர் நின்றார்.

இத்தனை அலைச்சலும் ஆலோசனைக்காக என்றா நினைக்கிறீர்கள்? ஆலோசனை முதல் கடையிலேயே முடிந்துவிட்டது. கேட்டுச் செய்கிறவருக்கு வேண்டியது ஓர் ஆள். நாளைக்கு வயர் பூத்தாலோ, எலி கடித்தாலோ, இடி விழுந்தாலோ, “அவன் சொல்லித்தான் போட்டேன்” என்று கை நீட்ட ஒரு நல்ல, தடித்த, ஓடிவிட முடியாத ஆள். ஸ்டெபிக்கு இது புரிந்திருந்தது.

“அப்பா, வயர் போடுங்கன்னு நான் சொல்லுதேன். கெட்டுப்போனா என்னையவே ஏசிக்கிடுங்க.”

“நீ சின்னப்புள்ள. ஒனக்கு என்ன தெரியும்?”

நாள் முழுக்க இணையத்திலேயே குடியிருக்கிறவளை விட்டுவிட்டு ஊரில் எல்லோரையும் கேட்டாயிற்று. மிச்சமிருந்தவர் ஜாக்சன் ஒருவர்தான். இசபெல்லாவின் அண்ணன். இன்னமும் கப்பலில் இருப்பவர், இந்த வீட்டின் உச்ச நீதிமன்றம். சோபா வாங்குவதிலிருந்து கடைவாய்ப் பல் பிடுங்குவது வரை, ஜாக்சனின் கப்பல் ஏதாவது துறைமுகத்தில் ஒதுங்கி அவர் முகம் போனில் தெரிந்தால்தான் காரியம் நடக்கும். பல் வலி என்றால் நங்கூரம் போடும்வரை கிராம்பு வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜாக்சன் கிடைத்தார். சுவரைக் காட்டாமல் எப்படிக் கேட்பது? செபாஸ்டின் போனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். பின்னாலேயே இசபெல்லாவும் ஸ்டெபியும். போனில் டேட்டா போட்டுக்கொள்ளலாமா என்பதை அவர் இன்னும் கேட்டு முடிக்காததால், வழக்கம்போல் வைஃபைதான்.

“மச்சான், செவுரு தெரியுதா? இதுலதான் பைப்பு வைக்கணுமாம். வயர் போடலாமா, இப்பிடியே விட்டுரலாமா?”

“தெரியுது மச்சான். நான் என்ன சொல்லுதேன்னா…”

ஜாக்சன் உறைந்தார். வாய் திறந்தபடி, ஒரு கண் பாதி மூடியபடி, ஐஸ் பெட்டியில் போட்ட சங்கரா மீன் மாதிரி. துண்டித்து மறுபடி கூப்பிட்டார்கள். “நான் என்ன சொல்லுதேன்னா…” மறுபடி ஐஸ் பெட்டி. அதற்கடுத்த முறை ஜாக்சனின் ஒரு காது மட்டும் வந்து சேர்ந்தது. காது என்ன தீர்ப்பு சொல்லும்?

இசபெல்லா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். “எங்க அண்ணன் வாயத் தொறந்தபடி செலையா நிக்கான். இதுக்கு மேல என்னங்க பதில் வேணும்?”

“ஏளா, சும்மா இரு. நெட்டு சரியில்ல. நெட்டு சரியாவட்டும், அவங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு, பொறவு நெட்டுக்கு என்ன செய்யலாம்னு பாப்போம்.”

பூச்சு உரிந்த செங்கற்கள் ஸ்டெபியைப் பார்த்துப் பல்லைக் காட்டின.

சனிக்கிழமை காலையில் சுந்தர்சிங் கலவை போட ஆரம்பித்தபோது செபாஸ்டின் வீட்டில் இல்லை. மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றி, எந்தப் பக்கமும் சாயாத ஒரு விண்ணப்பத்தை வைத்துக்கொண்டிருந்தார். மாதாவையும் யோசனையில் ஆழ்த்திவிட்ட திருப்தி அவருக்கு.

“அண்ணாச்சி என்ன சொன்னாவ?” என்றார் சுந்தர்சிங். “கலவ இறுகிரும். கொத்தவா, பூசவா?”

இசபெல்லா மகளைப் பார்த்தாள். சொல்ல வேண்டியவள் நீதான் என்கிற பார்வை. ஸ்டெபி வாயைத் திறந்தாள். அப்போது நடந்ததை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. “இருங்கண்ணே, அப்பாட்ட ஒரு வார்த்த…” என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. தன் குரலுக்குள் அப்பாவின் குரல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவதைக் கேட்டாள். சன்னலைத் திறந்தால் இன்னொரு சன்னல் தெரிகிற அறையை நினைத்தாள்.

“கொத்துங்கண்ணே.”

அவ்வளவுதான். கொத்தினார், பதித்தார், பூசினார். கட்டிலுக்கு அடியில் ஸ்டெபி முன்பே வாங்கி ஒளித்துவைத்திருந்த வயர்ச் சுருள் வெளியே வந்தது. மீன்பிடிக்கிற நைலான் நரம்பை முதலில் பைப்புக்குள் விட்டு, அதன் நுனியில் வயரைக் கட்டி, தாயும் மகளும் மேலும் கீழுமாக நின்று இழுத்தார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

செபாஸ்டின் திரும்பி வந்தபோது சுவர் ஈரமாக மினுங்கியது.

“யாரு சொன்னா?”

“நான்தாம்ப்பா.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகமோ, நங்கூரம் தரை தட்டிய கப்பல் மாதிரி அமைதியாயிற்று. “அப்ப சரி. கெட்டுப்போனா என்னைய யாரும் கேக்கக் கூடாது. இந்தா, மாமாக்கு ஒரு போனப் போடு. நேத்துக் கேட்டது பாதியில நிக்குல்லா?”

ஸ்டெபி மடிக்கணினியில் வயரைச் சொருகிக் கூப்பிட்டாள். ஜாக்சன் வந்தார். எப்படி வந்தார் என்கிறீர்கள்! மீசையில் நரைத்த மயிர் எத்தனை, நரைக்காதது எத்தனை என்று பிரித்துவிடலாம். அவருக்குப் பின்னால் சுவரில் ஆடிய காலண்டரில் தேதி தெரிந்தது.

“மச்சான்! நேத்துக் கேட்டியளே, அந்த வயர் விசயம்,” என்றார் ஜாக்சன், நீதிபதியின் குரலில். “வயரெல்லாம் வேண்டவே வேண்டாம். இப்பப் பாருங்க, வயர் இல்லாமலே கண்ணாடி கணக்கா எப்பிடித் தெரியுதிய! நல்ல செவுத்தப் போட்டு எதுக்குக் கொத்திக்கிட்டு?”

இசபெல்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கிவிட்டாள். செபாஸ்டின் ஜாக்சனைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அவர் கண்ணில் கவலை மெல்லக் கோடு கோடாக ஏறியது.

“ஸ்டெபி, பூச்சு இன்னும் காயலல்லா?”

ஸ்டெபி நாற்காலியை இழுத்து அந்தச் சுவரை மறித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை மீட்டிங்கை அதே நாற்காலியில் இருந்துதான் பேசி முடித்தாள். ஒரு சொல்கூட உறையவில்லை. மேலதிகாரி சென்னைப் பேச்சையே எடுக்கவில்லை. செபாஸ்டின் இப்போதும் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போகிறார். கேள்விதான் மாறியிருக்கிறது: போட்ட வயரை எடுத்துவிடலாமா?

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் சிரிப்பதற்கு முன்னால், பக்கத்தில் இருப்பவருக்கும் சிரிப்பு வருகிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டீர்கள், இல்லையா?