வெறும் கொழுப்பு

மொழியின் மானம் மூன்று தூண்களின் மேல் நிற்கிறது: இலக்கணம், அகராதி, பிழைதிருத்துநர். முதல் இரண்டும் சரிந்தாலும் மூன்றாவது தனியாகவே தாங்கிக்கொள்ளும் என்பது அந்த அச்சகத்துப் பிழைதிருத்துநரின் கருத்து. அந்தத் தூண் இப்போது சட்டையில்லாமல் மருத்துவரின் கட்டிலில் குப்புறக் கிடந்தது.

பிடரிக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவில் ஒரு புடைப்பு. மருத்துவர் விரலால் அழுத்தினார். அது தோலுக்கடியில் நழுவி ஓடியது.

"வலிக்குதா?"

"இல்ல. ஆனா மூணு வருஷமா வளருது. எதையும் மறைக்காம சொல்லுங்க டாக்டர், நான் தாங்கிக்குவேன்."

"மறைக்க என்ன இருக்கு? கெட்ட கட்டி மாதிரி தெரியல. வெறும் கொழுப்பு."

சுவரோரம் உட்கார்ந்திருந்த மனைவி களுக்கென்று சிரித்துவிட்டாள். "எனக்குக் கல்யாணத்தன்னிக்கே தெரியும் டாக்டர்."

"களிம்பு, எண்ணெய் எதுவும் தேய்க்காதீங்க. கரையாது. பட்டினி கிடந்தாலும் போகாது. தொந்தரவு இல்லேன்னா அப்படியே விட்டுடலாம்."

"காலர் உரசுது."

"அப்போ அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வெச்சு, சின்னதாக் கீறி எடுத்துடறேன். நாலு தையல். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவோம். வியாழக்கிழமை வாங்க."

சிக்கல் விடுப்பு விண்ணப்பத்தில் தொடங்கியது. காரணம் என்ற இடத்தில் 'கொழுப்பு' என்று எழுதியவர், பேனாவை நிறுத்தினார். தட்டச்சு செய்யும் பெண்ணிடம் "பள்ளிக்கூடம் பக்கம் போயிருக்கியா?" என்று தினமும் கேட்பவர் அவர். முதலாளி வீட்டுக் கல்யாண அழைப்பிதழில் இருபது பிழைகளைக் கண்டுபிடித்து, சம்பந்திகளுக்கு முன்னால் வாசித்துக் காட்டியவர். அந்தச் சொல்லைத் தன் பெயருக்குப் பக்கத்தில் தானே எழுதிக் கொடுத்தால், அச்சகமே அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டும்.

அடித்துவிட்டு, 'பிடரியில் கட்டி. அறுவைச் சிகிச்சை' என்று எழுதினார். ஒற்றுப் பிழைகூட இல்லை.

மத்தியானத்துக்குள் அச்சகம் குசுகுசுவென்று பேசத் தொடங்கியது. நான்கு வருடமாக அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத மெஷின்காரர், நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

"தைரியமா இருங்க சார். இப்பல்லாம் நல்ல மருந்து வந்திருக்கு."

"அவ்வளவு பெரிசா ஒண்ணும் இல்லப்பா."

"பாருங்கப்பா, இந்த நேரத்துலயும் எப்படிப் பேசறாரு!" என்று மெஷின்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார்.

உண்மையைச் சொல்லத் திறந்த வாய் மூடிக்கொண்டது. காது மடல் சுட்டது. அந்த வெட்கத்தில் இரண்டு நாள் யாரையும் திட்டாமல் வேலை பார்த்தார். அதுவே வினையாயிற்று.

"என்னை ஒரு வார்த்தை சொல்லல. ரொம்ப முத்திடுச்சு போல," என்றாள் தட்டச்சுப் பெண்.

முதலாளி பாராட்டு விழாவே அறிவித்துவிட்டார். இனியும் தாங்காது என்று பிழைதிருத்துநர் அவர் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார்.

"முதலாளி, மனசு உறுத்துது. எனக்கு வேற ஒண்ணும் இல்ல. கொழுப்பு. வெறும் கொழுப்பு."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "இதை உங்க வாயால கேட்கணும்னு பதினெட்டு வருஷமாக் காத்திருந்தேன் சார். இப்படி ஒரு நேரத்துலயா கேட்கணும்?"

"ஐயோ, நான் சொல்ல வந்தது..."

"போதும். மன்னிச்சாச்சு. அந்தக் கல்யாண அழைப்பிதழையும் சேர்த்து." மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு தாளை நீட்டினார். "விழா அழைப்பிதழ். உங்க கையெழுத்து இல்லாம இங்கேருந்து எதுவும் வெளிய போனதில்ல. இதுவும் போகக் கூடாது."

தன்னைப் பற்றிய புகழ்ச்சியைத் தானே பிழைதிருத்த உட்கார்ந்தார். அன்புள்ளம், எளிமை, இன்சொல் என்று வரிக்கு வரி கூசியது. விட்டுப்போன ஒற்றுகளைப் போட்டார். 'அறிஞர்' என்பது அந்த இடத்துக்குக் கொஞ்சம் சிறியதாகத் தெரிந்தது, 'பேரறிஞர்' ஆக்கினார். கண் கலங்கியது. வெட்கத்தாலா, பெருமையாலா என்று பிரிக்க முடியவில்லை. கையெழுத்திட்டார்.

வியாழனன்று கட்டி அரை மணி நேரத்தில் வெளியே வந்தது. அடுத்த வாரம் பரிசோதனை முடிவும் வந்தது.

"நான் சொன்னதேதான். லிப்போமா," என்றார் மருத்துவர்.

"என்ன பேரு சொன்னீங்க?"

"லிப்போமா. கொழுப்புக் கட்டிக்கு டாக்டருங்க வெச்ச பேரு."

பிழைதிருத்துநருக்குப் போன உயிர் திரும்பியது. அயற்சொற்களைச் சிவப்பு மையால் விரட்டியே தலை நரைத்தவர், அந்த ஒரு சொல்லை மட்டும் வழியெல்லாம் ஆசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். மேடையேறி, "எனக்கு லிப்போமா, நீங்கிவிட்டது" என்று சொல்லிவிட்டால் போதும். பொய்யுமில்லை, மானமும் போகாது.

விழா மண்டபம் நிறைந்திருந்தது. உள்ளே கால் வைத்ததும் முன்வரிசை வாயைப் பொத்திக்கொண்டது. பின்வரிசை பொத்தவும் இல்லை. மெஷின்காரர் கைக்குட்டையை வாய்க்குள் திணித்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனார்.

"என்னம்மா, ஏன் சிரிக்கிறாங்க?" என்று வாசலில் நின்ற தட்டச்சுப் பெண்ணிடம் கேட்டார்.

அவள் அழைப்பிதழைப் பிரித்து, மூன்றாம் வரியில் விரலை வைத்தாள்.

"'பொறுப்பு மிக்க அறிஞர்'னு அடிக்கிறதுக்குப் பதிலா, கை தவறி 'கொழுப்பு மிக்க அறிஞர்'னு அடிச்சுட்டேன் சார். நீங்க 'அறிஞர'த்தான் திருத்தியிருந்தீங்க."